குமிழைத் திருப்பினால் பாய்கிறது: பழைய ரயில் கண்ட்ரோலரைப் பழுது பார்த்தல்

7 ஜனவரி 2023: கேள்வி (லெஸ்டர் வாசகர்)

பழைய பொருள் சந்தையில் 1960களின் மாதிரி ரயில் கண்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். சாம்பல் நிற இரும்புப் பெட்டி. நடுவில் பெரிய குமிழ், அதன் கீழே திசை மாற்றும் சுவிட்ச். குமிழை முக்கால்வாசி திருப்பும்வரை எஞ்சின் அசைவதே இல்லை. பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வளைவில் கவிழ்கிறது. பின்னோக்கி ஓட்டினால் சில சமயம் உயிரே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். குமிழ் எங்கே நின்றாலும் 16 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ரியோஸ்டாட் எரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தூக்கிப் போட்டுவிடலாமா?

8 ஜனவரி, காலை

போடாதீர்கள். ரியோஸ்டாட் கம்பி எரிந்து அறுந்திருந்தால் அறுந்த இடத்தைத் தாண்டி மீட்டர் பூஜ்யம் காட்டியிருக்கும். உங்களுக்கு எல்லா இடத்திலும் 16 வோல்ட் வருகிறது. கம்பி முழுசாக இருக்கிறது.

பிறகு ஏன் குமிழைத் திருப்பியும் அளவு மாறவில்லை? ரியோஸ்டாட் என்பது ஓட்டத்துக்குக் குறுக்கே போட்ட கம்பிச் சுருள். தோட்டத்துக் குழாயைக் காலால் மிதித்தால், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வேகம் குறையும். முனையை அடைத்துவிட்டு எவ்வளவு மிதித்தாலும் உள்ளே அழுத்தம் அப்படியேதான் இருக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டர் அந்த அடைத்த முனை. அதன் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். மின்சாரம் கிட்டத்தட்ட ஓடுவதே இல்லை. உங்கள் பெட்டியில் இருப்பது 50 ஓம் சுருள் என்று வைத்துக்கொண்டாலும் அங்கே இழப்பு என்று எதுவும் இருக்காது.

சுமை ஏற்றி அளந்து பாருங்கள். கார் உதிரிபாகக் கடையில் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று, 21 வாட் பல்பு ஒன்று வாங்குங்கள். முதலாவது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும், இரண்டாவது சுமார் 1.75. முதலில் 5 வாட் பல்பைத் தண்டவாள முனைகளில் மாட்டி, அதன் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துக் குமிழைத் திருப்புங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

8 ஜனவரி, இரவு

காலையில் எழுதியதற்கு முன்னால் இதை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது: பெட்டியைத் திறந்து, மெயின் ஒயரைப் பார்க்காமல் மறுபடி பிளக்கில் செருகாதீர்கள்.

அந்தக் காலத்து ஒயர் ரப்பர் உறை போட்டது. வெளியே பளபளவென்று இருக்கும். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். நிறமும் பழைய முறை: சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இங்கே பிரிட்டனில் சாதனங்களின் ஒயர்களுக்குப் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் வந்தது 1970ஐ ஒட்டித்தான். நம் ஊர் வீட்டு வயரிங் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிவப்பு-கறுப்பு-பச்சை பழகிய நிறம் என்பதால் இதில் குழப்பம் வராது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் கறுப்பைப் பார்த்து யோசிப்பார்கள்.

புதிய மூன்று கோர் ஒயர் போடுங்கள். எர்த்தை இரும்புப் பெட்டியில், பெயின்டைச் சுரண்டிவிட்டு, பல் வைத்த வாஷரோடு திருகுங்கள். முன்பு இரண்டு கோர் மட்டும்தான் இருந்தது என்றாலும் மூன்றாவதைச் சேர்த்துவிடுங்கள். பிளக்கில் 3 ஆம்பியர் ஃப்யூஸ், அதாவது சிவப்பு. பழுப்பு நிற 13 ஆம்பியரை இந்தப் பெட்டிக்குப் போட்டால் ஃப்யூஸ் போடாததற்குச் சமம்.

மெக்கர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) கைவசம் இருந்தால் 500 வோல்ட்டில் வைண்டிங்குக்கும் பெட்டிக்கும் நடுவே பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த டிரான்ஸ்பார்மரோடு உறவு முடிந்தது. பல வருடம் ஈரமான கொட்டகையில் கிடந்த பெட்டி என்றால், முதலில் சில நாள் வீட்டுக்குள் ஹீட்டர் பக்கம் வைத்துக் காயவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள்.

மெக்கர் இல்லாதவர்கள் பூமி கசிவில் அணையும் பிரேக்கர் உள்ள பிளக்கில்தான் செருக வேண்டும்.

9 ஜனவரி

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரீஸ் போர்டு. திருச்சி பாலக்கரையில் ஒரு வைண்டிங் கடையில் வேலை கற்ற காலத்தில், சுற்றி முடித்த எந்த மோட்டாரும் சீரீஸ் பல்பைத் தாண்டாமல் நேர் லைனுக்குப் போனதில்லை. 60 வாட் இழை பல்பு ஒன்றை லைவ் ஒயரில் தொடராகப் போட்டுவிட்டுக் கண்ட்ரோலரைச் செருகுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி மங்கிப்போனால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் டிரான்ஸ்பார்மருக்குள் ஷார்ட், பிடுங்கிவிடுங்கள்.

எல்இடி பல்பு போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று கேட்பதற்கு யாராவது வருவார்கள். எல்இடி இதற்கு உதவாது. இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது குறைந்த தடை, சூடானால் அதிகத் தடை. இந்த வேலையே அந்தக் குணத்தில்தான் நடக்கிறது. இழை பல்பு இப்போது அபூர்வமாகிவிட்டது. கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள்.

12 ஜனவரி

லெஸ்டர்க்காரர் அளவுகள் அனுப்பியிருக்கிறார். வேலை தெரிந்தவர் போல ஒழுங்காக அனுப்பியிருக்கிறார், பாராட்டு. 5 வாட் பல்பு, குமிழ் முழுவதும் திருப்பியபோது:

டிரான்ஸ்பார்மரின் மாறுமின் (ஏசி) முனைகளில் 15.6 வோல்ட். பல்பின் முனைகளில் 9.2 வோல்ட். ரியோஸ்டாட்டின் இரு முனைகளுக்கு நடுவே 0.1.

இதிலேயே விடை இருக்கிறது. வடிகட்டாத முழு அலை நேர்மின்சாரத்தை (டிசி) மீட்டர் சராசரியாகக் காட்டும். மாறுமின் அளவில் பத்தில் ஒன்பது பங்கு. 15.6க்கு 14 வர வேண்டும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் தன் பங்குக்கு ஒன்றரை வோல்ட் எடுத்துக்கொண்டாலும் 12.5 மிஞ்சும். 9.2தான் வருகிறது என்றால் நடுவே 5 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. ரியோஸ்டாட் எடுத்தது வெறும் 0.1. டிரான்ஸ்பார்மர் தன் வேலையைச் செய்கிறது. மிச்சம் இருப்பது ரெக்டிஃபையரும் திசை சுவிட்சும். சுவிட்சின் முனைகளில் தனியாக அளந்து சொல்லுங்கள்.

12 ஜனவரி, சற்று நேரம் கழித்து

சுவிட்சில் முன்னோக்கி 0.2. பின்னோக்கி வைத்தால் எண் நடுங்குகிறது, சில சமயம் 3 வோல்ட், சில சமயம் முழுவதும். ஆகப் பின்னோக்கி ஓட்டம் நின்றுபோவதற்குச் சுவிட்ச் காரணம், சோர்வுக்கு ரெக்டிஃபையர் காரணம். இரண்டு நோய்.

பாய்ச்சல் மூன்றாவது. அதற்குத் தனியாக எழுதுகிறேன். அவசரப்பட்டு எழுதினால் ரியோஸ்டாட் மீது பழி போய்விடும்.

14 ஜனவரி

ரெக்டிஃபையரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சதுரத் தகடுகள், நடுவே போல்ட் கோத்தது, பச்சைப் பெயின்ட். செலீனியம். சிலிக்கான் டயோடு மலிவாகும் முன் எல்லாப் பெட்டியிலும் இதுதான். வயதாக வயதாக இதன் முன்னோக்கிய தடை கூடும். ஆகவே வோல்ட் குறையும், தகடு சூடாகும், சூட்டில் இன்னும் வயதாகும்.

அதை விட்டுவைக்கலாமா என்று கேட்டார். அசல் பாகம் அசலாகவே இருக்கட்டும் என்று முதலில் எனக்கும் ஆசை. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு என்றால் இருக்கட்டும். ஓட்டுவதற்கு என்றால் வேண்டாம். 9.2 வோல்ட்டிலிருந்து அது இனிமேல் இறங்கத்தான் செய்யும்.

இன்று போகி. பழையன கழிதல் என்று அந்தத் தகட்டைத் தீயில் போடலாமா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார். வேடிக்கைக்கும் செய்யாதீர்கள். செலீனியம் எரிந்தால் வரும் புகை நஞ்சு. அழுகிய முள்ளங்கி நாற்றம் அடிக்கும், ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். ரெக்டிஃபையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நாற்றம் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். கழற்றிய தகட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மாநகராட்சியின் மின் கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

நாளை பொங்கல். வீட்டில் ஈயப் புகை கூடாது என்று உத்தரவு. செவ்வாய்க்கிழமை தொடர்கிறேன்.

17 ஜனவரி

மாற்றும் முறை.

பழைய தகட்டுக் கோவையில் பெரும்பாலும் ஓரங்கள் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டு ஒரு முனை, நடுவே ஒரு முனை, மற்ற இரண்டும் டிரான்ஸ்பார்மருக்கு. ஓரம் எது, நடு எது, பிளஸ் எது என்பதைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கழற்றும் முன் பல்பை மாட்டி மீட்டரால் அளந்து, ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

புதிதாக நான்கு 1என்5401 டயோடு, அல்லது நான்கும் ஒரே உடலில் அடங்கிய, திருகு துளை உள்ள பிரிட்ஜ் ஒன்று. 1என்5401 என்பது 3 ஆம்பியர், 100 வோல்ட். இங்கே இரண்டுமே தாராளம். 1 ஆம்பியர் டயோடும் கணக்குப்படி தாங்கும். ஆனால் மாதிரி ரயிலில் ஷார்ட் என்பது தினசரிச் சடங்கு: எஞ்சின் தடம் புரண்டு சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் தொட்டவுடன் ஷார்ட். கொஞ்சம் பெரியதாகவே போடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. செலீனியத்தின் தடை, ஷார்ட் ஆகும்போது ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டிருந்தது. சிலிக்கான் அப்படித் தடுக்காது. ஆகவே பெட்டியில் உள்ள கட்-அவுட் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். அது இரட்டை உலோகப் பட்டை. சூட்டில் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். 21 வாட் பல்பு இரண்டை இணையாக மாட்டி விட்டால் 1 ஆம்பியர் பெட்டிக்கு அது நல்ல அதிகச்சுமை. கொஞ்ச நேரத்தில் டக்கென்று விழ வேண்டும். விழாமல் டிரான்ஸ்பார்மர் சுடத் தொடங்கினால் பிடுங்கிவிட்டு, கட்-அவுட்டுக்குப் பதிலாகத் தானே மீளும் ஃப்யூஸ் ஒன்றை நேர்மின் பக்கம் தொடராகப் போடுங்கள்.

பிரிட்ஜைப் பழைய தகடு இருந்த இடத்திலேயே திருகலாம். பழைய போல்ட் துளை அப்படியே பொருந்தும்.

20 ஜனவரி

மாற்றிவிட்டார். 5 வாட் பல்பில் 12.4 வோல்ட். அவர் மகள் பல்பின் வெளிச்சத்தைப் பார்த்துக் கைதட்டினாளாம். சரி.

இப்போது திசை சுவிட்ச். திறந்தால் உள்ளே வெண்கலத் தகடுகள், கறுத்துப்போயிருக்கும். எமரித் தாளைத் தொடாதீர்கள். வெள்ளிப் பூச்சு இருந்தால் அதோடு போய்விடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த அட்டைத் துண்டு ஒன்றைத் தொடர்புகளுக்கு நடுவே வைத்து, அழுத்திப் பிடித்து, இழுங்கள். கறுப்பு அட்டைக்கு வரும். அட்டை வெளுக்கும்வரை. விறைப்பு போன தகட்டை மூக்குக் குறட்டால் ஒரு மயிரிழை உள்பக்கம் வளைத்துவிடலாம். பேக்கலைட் உடல் விரிந்திருந்தால் மட்டும் புதுச் சுவிட்ச்: இரண்டு முனை, இரண்டு பக்கம், நடுவில் அணைவு உள்ளது.

ரியோஸ்டாட்டிலும் இதே வைத்தியம். சுருளின் மேல் விளிம்பில், பித்தளைக் கை ஊரும் பாதை மட்டும் ஒரு கோடாகப் பளபளக்கும். மற்ற இடம் மங்கல். அந்தக் கோட்டில் கறுப்புத் திட்டு இருந்தால் கண்ணாடி இழைப் பேனாவால், கம்பியின் போக்கிலேயே, மெதுவாக. குறுக்கே தேய்த்தால் கம்பி அறும், சுருள் நழுவும். ஒரு இடத்தில் இரண்டு சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தால் பல் குத்தும் குச்சியால் பிரித்துவிடுங்கள்.

சுருளுக்கு அடியில் சாம்பல் நிற நார் அட்டை தெரிந்தால் அதைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். அந்தக் காலத்து வெப்பத் தடுப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். இங்கே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் தடையானது 1999இல்தான்.

22 ஜனவரி

கார்டிஃபிலிருந்து ஒரு யோசனை: 2200 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றைப் போட்டால் மின்சாரம் வழுவழுப்பாகி எஞ்சின் மெதுவாக ஓடும் அல்லவா?

நேர் எதிர். 16 வோல்ட் மாறுமின்னின் உச்சம் 16 பெருக்கல் 1.414, அதாவது 22 வோல்ட்டுக்கு மேல். கபாசிட்டர் அந்த உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குமிழைத் திருப்பியவுடன் எஞ்சினுக்கு அது போகும். அதோடு, வடிகட்டாத மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை எழுந்து விழும் அலை இருக்கிறதே, அதுதான் பழைய மோட்டாரை மெல்லத் தட்டி நகர்த்துகிறது. சீராக்கினால் அந்தத் தட்டல் போய்விடும். மெதுவாக ஓடுவது இன்னும் மோசமாகும்.

ஆடியோ ஆம்ப்ளிஃபையர் செய்பவர்கள் ரயிலுக்கு வந்தால் இந்த ஆசை கட்டாயம் வரும். எனக்கும் பழக்கம் உண்டு.

29 ஜனவரி

லெஸ்டர்: "எல்லாம் சுத்தம் செய்தாயிற்று. பழைய எஞ்சின் இப்போது நன்றாக ஓடுகிறது, பின்னோக்கியும். ஆனால் போன வருடம் வாங்கிய புதிய எஞ்சின் குமிழைத் தொட்டவுடன் ஓடத் தொடங்கி, பாதித் திருப்பத்திலேயே முழு வேகம். பழுது இன்னும் போகவில்லையே?"

இது பழுது இல்லை. மூன்றாவது என்று சொன்னேனே, இதுதான்.

கணக்குப் போடுங்கள். குமிழ் ஓரிடத்தில் நிற்கிறது, சுருளில் 20 ஓம் மிச்சம். பழைய மோட்டார் அரை ஆம்பியர் கேட்கிறது: 20 பெருக்கல் 0.5, பத்து வோல்ட் சுருளிலேயே போய்விடும், எஞ்சின் தவழும். புதிய மோட்டார் 0.1 ஆம்பியர் போதும் என்கிறது: இழப்பு 2 வோல்ட்தான். மிச்சமெல்லாம் எஞ்சினுக்கு. பறக்காமல் என்ன செய்யும்? பெட்டியை வடிவமைத்தவர் மனதில் இருந்தது பசியுள்ள மோட்டார். உங்கள் புதிய எஞ்சின் அவர் காலத்தில் இல்லை.

பழைய எஞ்சினின் பாய்ச்சலுக்கும் இதே சூத்திரம். நின்றிருக்கும் மோட்டார் அதிக ஆம்பியர் கேட்கும், ஆகவே சுருளில் அதிக இழப்பு, ஆகவே நகராது. குமிழை இன்னும் திருப்புவீர்கள். ஒரு வழியாக நகர்ந்தவுடன் கேட்கும் ஆம்பியர் குறையும், இழப்பு குறையும், நீங்கள் குமிழைத் தொடாமலேயே வோல்ட் ஏறும். வளைவில் கவிழ்வது அதனால்தான். ரெக்டிஃபையர் சோர்ந்திருந்தால் குமிழை இன்னும் அதிகம் திருப்பியிருப்பீர்கள், பாய்ச்சலும் அதிகம்.

மருந்து: அதே 5 வாட் கார் பல்பை, தண்டவாளத்துக்கு இணையாக, நிரந்தரமாக மாட்டுங்கள். இப்போது சுருள் வழியாக எப்போதும் ஒரு ஓட்டம் இருக்கும். எஞ்சின் 0.1 கேட்டாலும் 0.5 கேட்டாலும் குமிழுக்கு அதிகாரம் திரும்பி வரும். பழைய ஆட்கள் செய்த வித்தை இது, நான் கண்டுபிடித்ததல்ல.

30 ஜனவரி

நேற்றுச் சொன்னதில் ஒரு கூடுதல். பல்பு 0.4 ஆம்பியர் இழுப்பது முழு வெளிச்சத்தில். குறைந்த வோல்ட்டில் இழை குளிர்ந்திருக்கும், தடை குறைவு. அந்த வோல்ட்டுக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இழுக்கும். நமக்கு அதுவே தேவை. குமிழின் தொடக்கத்தில்தான் கட்டுப்பாடு வேண்டும், அங்கேதான் பல்பு அதிகமாக உதவுகிறது. பல்புக்குப் பதில் சாதாரண ரெசிஸ்டர் போட்டால் இந்த லாபம் இல்லை.

பல்பு சுடும். பிளாஸ்டிக் நிலையக் கட்டடத்துக்குள் ஒளித்து வைத்து அழகு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் கட்டடம் உருகுவதையும் பார்க்கலாம். பெட்டிக்கு வெளியே, தகர ஹோல்டரில்.

4 பிப்ரவரி

"பெட்டியின் பக்கவாட்டில் அரை அலை, முழு அலை என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது, அது எதற்கு?"

அரை அலையில் வைத்தால் பாதித் துடிப்புகள் வெட்டப்பட்டு நொடிக்கு 50 மட்டும் போகும். சராசரி குறையும், ஆனால் ஒவ்வொரு தட்டும் அதே உயரம். இரும்பு உள்ளகம் உள்ள பழைய மோட்டார் அந்தத் தட்டுகளில் அழகாக ஊர்ந்து போகும். யார்டில் ரயில் பெட்டி கோக்கும்போது நான் இதில்தான் வைப்பேன். உறுமும், கொஞ்சம் சுடும். மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

உள்ளகம் இல்லாத மோட்டார் போட்ட எஞ்சினுக்கு அரை அலை கூடவே கூடாது. அதில் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு இல்லை, மெல்லிய கம்பிக் கூடை மட்டும்தான். விலையோ பழைய எஞ்சினைப் போலப் பல மடங்கு.

டிசிசி டீகோடர் (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படிக்கும் சிறு சுற்று) போட்ட எஞ்சின் என்றால் இந்தப் பெட்டியை விட்டுத் தள்ளியே இருங்கள். சில டீகோடர்கள் நேர்மின்சாரத்தில் ஓடும் என்று அவற்றின் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அது சீரான 12 வோல்ட்டைப் பற்றியது. சுமையில்லாதபோது 16க்கு மேல், உச்சத்தில் 22க்கு மேல் போகும் இந்தப் பெட்டியைப் பற்றியதல்ல.

11 பிப்ரவரி

ஒரு நண்பர் ஜெர்மனியிலிருந்து வந்த நீல நிற டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறார், அதையே இதற்குப் பதில் வைக்கலாமா என்கிறார். மார்க்லின் ரயிலுக்கானது என்றால் முடியாது. அவர்கள் வழி தனி வழி: 1935இலிருந்தே நடுத் தொடர்பும் மாறுமின்சாரமும். திசை மாற்றுவதற்கு முனைகளை மாற்றுவதில்லை. சுமார் 24 வோல்ட் ஒரு கணம் கொடுத்தால் எஞ்சினுக்குள் இருக்கும் ரிலே புரளும். நிலைக்காந்தம் உள்ள பிரிட்டிஷ் எஞ்சினில் மாறுமின் கொடுத்தால் இருந்த இடத்திலேயே உறுமிச் சூடாகும், காந்தமும் வலுவிழக்கும். பழையது என்றால் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது வேறு. பிரிட்டனில் காகிதத்தில் 1995இலிருந்து 230. என் வீட்டுச் சுவரில் மீட்டர் வைத்தால் இன்றும் 240ஐ ஒட்டித்தான்.

இங்கே 12 வோல்ட் நேர்மின் வேரூன்றியது 1938இல் ஹார்ன்பி டப்ளோ வந்ததிலிருந்து. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் மெக்கானோ தொழிற்சாலை. அவர்களும் முதலில் மூன்று தண்டவாளம்தான். இரண்டுக்கு வந்தது 1959இல். அதற்குள் ட்ரையாங் நிறுவனம் மார்கேட்டிலிருந்து மலிவான இரண்டு தண்டவாள ரயிலை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. 1964இல் டப்ளோவே ட்ரையாங் கைக்குப் போனது. லெஸ்டர்க்காரரின் பெட்டி அந்தச் சண்டைக் காலத்துப் பிள்ளை.

பேச்சு எங்கோ போய்விட்டது. இருக்கட்டும், ரயில்காரர்களைக் கூட்டி வைத்தால் இப்படித்தான்.

18 பிப்ரவரி

கார்டிஃப் மறுபடியும்: "பல்பு, அரை அலை என்று ஒட்டுப் போடுவதைவிட உள்ளே டிரான்சிஸ்டர் வைத்துவிட்டால் என்ன?"

வைக்கலாம். நானே ஒன்றில் வைத்திருக்கிறேன். டிரான்ஸ்பார்மரும் பெட்டியும் பழையவை, புதிய பிரிட்ஜ், அதற்குப் பின் எமிட்டர் ஃபாலோயராக ஒரு டிஐபி122, பேஸில் 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர். எஞ்சின் எவ்வளவு ஆம்பியர் கேட்டாலும் குமிழ் சொன்ன வோல்ட்டையே இது கொடுக்க முயலும். இது டார்லிங்டன் (ஒன்றுக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்) என்பதால் தொடக்கத்தில் ஒன்றேகால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வீணாகும், அது குமிழின் முதல் சிறு திருப்பத்தில் கடந்துவிடும். அமெரிக்காவில் மாடல் ரெயில்ரோடர் இதழின் ஆசிரியர் லின் வெஸ்ட்காட் டிரான்சிஸ்டர் கட்டுப்பாட்டை வாசகர்கள் வீட்டிலேயே செய்யும்படி வரைந்து கொடுத்தவர். அந்த வழியில் வந்தவைதான் இந்தச் சுற்றுகளெல்லாம்.

ஹீட்சிங்க் கட்டாயம். பாதி வேகத்தில் அரை ஆம்பியருக்கு டிரான்சிஸ்டர் 3, 4 வாட்டைச் சூடாக்கித் தள்ளும். இரும்புப் பெட்டியின் பின்சுவரே ஹீட்சிங்க், நடுவே மைக்கா தகடு. மைக்காவை மறந்தால் கலெக்டர் பெட்டியோடும் எர்த்தோடும் சேர்ந்துவிடும்.

ஆனால் ஒன்று. அசல் பெட்டியைக் கையில் வைத்திருப்பவர் முதலில் அதை அசலாக ஓட்டிப் பார்க்கட்டும். பல்பு மாட்டிய ரியோஸ்டாட்டில் பழைய எஞ்சின் ஓடும் விதம் தனி: ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் முந்தும், கை குமிழிலேயே இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரில் கையை எடுத்துவிட்டு டீ குடிக்கலாம். எது வேண்டும் என்பது அவரவர் சுபாவம். எனக்கு ரியோஸ்டாட்.

19 பிப்ரவரி

டீ குடிப்பவர்கள் கோபித்துக்கொண்டார்கள். குடியுங்கள்.

5 மார்ச்

லெஸ்டர்: "பழைய ட்ரையாங் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டினால் கட்-அவுட் விழுகிறது. புதியது மணிக்கணக்கில் ஓடுகிறது. கட்-அவுட் தளர்ந்துவிட்டதா?"

புதியதை விழாமல் ஓட்டுகிறது, இரண்டு 21 வாட்டில் ஒழுங்காக விழுந்தது. கட்-அவுட்டைத் தொடாதீர்கள். எஞ்சினோடு தொடராக ஆம்பியர் மீட்டரை வையுங்கள்.

6 மார்ச்

0.9 ஆம்பியர், அதுவும் பெட்டிகள் கோக்காமல் வெறும் எஞ்சின். என்னிடம் இருக்கும் எக்ஸ்04 (ட்ரையாங் எஞ்சின்களில் வரும்) மோட்டார் அதே நிலையில் 0.4ஐத் தாண்டுவதில்லை. அவருடைய மோட்டாரின் காந்தம் வலுவிழந்திருக்கிறது. வெறுமனே விட்டால் வேகமாகச் சுற்றும், இழுக்கச் சொன்னால் இழுக்காது, ஆம்பியரை மட்டும் விழுங்கும். முன்பு யாரோ ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்திருக்கலாம். அந்த வகைக் காந்தத்தில், நடுவே இரும்புத் துண்டு கொடுக்காமல் ஆர்மேச்சரை வெளியே எடுத்தாலே வலு இறங்கிவிடும்.

இரண்டு வழி. மறுபடி காந்தமேற்றித் தருபவர்களிடம் முழு மோட்டாராகக் கொடுங்கள், பிரிக்காமல். அல்லது பழைய காந்தத்தை எடுத்துவிட்டுச் சிறு நியோடிமியம் துண்டுகளை, இடைவெளியை இரும்புத் தகட்டால் நிரப்பி வையுங்கள். இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று எதிர்க்கும்படி வைத்துவிட்டால் மோட்டார் சுற்றாது. ஒட்டும் முன் துருவத்தைப் பேனாவால் குறியுங்கள். அதோடு, கார்பன் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கரித்தூள் அடைந்திருக்கும், குச்சியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய் ஒவ்வொரு பேரிங்கிலும் ஊசி முனையளவு. கார்பன் பிரஷ்ஷில் எண்ணெய் பட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுங்கள்.

0.5க்குக் கீழே வந்தவுடன் மறுபடி பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

12 மார்ச்

0.45. கட்-அவுட் விழவில்லை. மேசையின் அடியில் இன்னொரு பெட்டியும் கிடக்கிறது என்கிறார், அதே சந்தையில் வாங்கியது, ஒயர் துணி சுற்றியது. அதற்குத் தனியாகக் கேளுங்கள். மெக்கர் அளவோடு.